விசில் கொடுத்தது யார்

நவம்பர் 3, திங்கள்

டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே போட்டிருக்கும் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவை உள்ளே மெஷினோடு இணைத்தாயிற்று. இனி நாலு மணி நேரத்துக்கு அவர் ரெஜினா சிஸ்டரின் பொறுப்பு. இந்த டைரியும் சிஸ்டரின் யோசனைதான். நோயாளியைக் கவனித்துக்கொள்கிறவர்கள் தினமும் நாலு வரி எழுதினால் மனப்பாரம் குறையும் என்று ஏதோ பயிற்சி வகுப்பில் சொன்னார்களாம். எனக்குப் பாரம் ஒன்றும் இல்லையே என்றேன். அப்படியானால் ரசம் வைத்ததையும் துணி துவைத்ததையும் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

முதல் பக்கத்தில் அறிமுகம் எழுதுவது பள்ளிக்கூடப் பழக்கம். சுகந்தி, முப்பத்தெட்டு வயது, கோயம்புத்தூர். சரவணம்பட்டியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை. கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி இங்கே எழுதப் போவதும் இல்லை. அப்பா நாச்சிமுத்து, டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி இங்கே வந்தாக வேண்டும். ஒரு முறை தவறினால் உடம்பில் சேர்ந்த நீர் வெளியேற வழியில்லாமல் நெஞ்சில் போய்க் கட்டிக்கொள்ளும். இங்கே மெஷின்கள் கொஞ்சம், காத்திருப்பவர்கள் நிறைய. அதனால் எங்கள் வீட்டில் நகை, நிலம் எல்லாவற்றையும்விடப் பெரிய சொத்து மெஷினில் கிடைக்கும் இந்த முறைதான்.

யாருக்கு எந்த மெஷின், எந்த வேளை என்று பார்த்துக்கொள்ள மருத்துவமனை ஒரு மென்பொருள் கேட்டிருக்கிறது. எங்கள் மேலாளர் ஜெபராஜ் சார் அதை என் தலையில் கட்டிவிட்டார். நீங்கள்தான் அங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்களே என்றார். முன்பெல்லாம் ஐந்து பேர் செய்யும் வேலை இது. இப்போது நான் ஒருத்தி, எனக்குக் கீழே ஐந்து ஏஐ உதவியாளர்கள்.

நவம்பர் 5, புதன்

ஐந்துக்கும் பெயர் வைத்தேன். உக்கடம், சிங்காநல்லூர், பீளமேடு, கணபதி, துடியலூர். எல்லாம் அப்பாவின் பஸ் நின்ற இடங்கள். நோயாளிகளுக்குச் செய்தி அனுப்பும் பகுதியை உக்கடம் எழுதுகிறது. தப்பு கண்டுபிடிப்பது கணபதி. எழுதியதை மருத்துவமனைக் கணினியில் நிறுவுவது துடியலூர். ஒரே நேரத்தில் ஐந்தும் ஓடும். தாங்கள் செய்ததை ஒரு பொதுப் பலகையில் எழுதி வைக்கும், மற்றவை அதைப் படித்துக்கொள்ளும்.

எனக்குத் தட்டச்சு செய்ய நேரமில்லை. கழுத்தில் மாட்டிய இயர்போனில் பேசியே வேலை வாங்குகிறேன். அதன் மைக்கை அணைப்பதில்லை, ஒவ்வொரு தடவையும் போட்டு அணைக்க எனக்குப் பொறுமை கிடையாது. அவற்றின் கேள்விகள் என் கைபேசிக்குச் செய்தியாக வரும். இந்தக் கோப்பை மாற்றட்டுமா, இதை நீக்கட்டுமா என்று நிமிஷத்துக்கு ஒன்று. நான் சரி என்றால்தான் நகரும்.

அப்பாவுக்கு இதை விளக்கினேன். கையில் ஊசிக் குழாயோடு படுத்தபடியே யோசித்தார்.

"அஞ்சு வண்டிக்கு ஒரே கண்டக்டராக்கும்? அப்ப நீ விசில் ஊதலைன்னா அஞ்சும் நடுரோட்டுல நிக்குமா, அம்மிணி?"

நிற்கிறதுதான். அப்பாவுக்குச் சட்டை மாற்றிவிடும் நேரத்தில் ஐந்தும் நின்றுவிடுகின்றன. நான் திரும்பி வருவதற்குள் கேள்விகள் குவிந்து கிடக்கின்றன.

நவம்பர் 7, வெள்ளி

இன்று ஒரு நல்ல காரியம் செய்தேன். ஆறாவதாக ஒன்றை உருவாக்கினேன். அது நிரல் எழுதாது. மற்ற ஐந்தும் கேட்கும் கேள்விகளுக்கு என் இடத்தில் நின்று பதில் சொல்லும். இதுவரை நான் சொன்ன பதில்கள், பேசிய பேச்சு, எல்லாவற்றையும் அதற்குக் கொடுத்தேன். இனி மைக்கில் விழுவதும் நேராக அதற்கே போகும். கட்டளை ஒன்றுதான்: என்னைக் கேட்காதே, நான் எதைச் சொல்வேனோ அதைச் சொல்.

பெயர் கண்டக்டர். கேள்விகள் வருவது என் கைபேசிக்கு என்பதால் அதன் செய்திப் பெட்டியை அப்படியே திறந்துவிட்டேன். வேலைச் செய்தி எது, வீட்டுச் செய்தி எது என்று பிரித்துக் கொடுக்க அரைநாள் ஆகும். அது பிறகு.

இந்த டைரியை மட்டும் கண்டக்டர் படிக்க முடியாது. பேனாவால் எழுதுகிறேனே.

நவம்பர் 8, சனி

ரசம் நன்றாக வந்தது. அப்பாவுக்கு அரை டம்ளருக்கு மேல் கொடுக்கக் கூடாது. கரண்டியை நக்கித் தரட்டுமா என்று கேலி செய்தார், சிரித்தேன். மஸ்கட்டிலிருந்து அண்ணன் திருமூர்த்தி கூப்பிட்டான். எல்லாம் சௌகரியமா என்றான். சௌகரியம் என்றேன்.

நவம்பர் 10, திங்கள்

கண்டக்டர் என்னை அசத்துகிறது. காலையிலிருந்து ஐந்தும் ஒரு நொடி நிற்கவில்லை. பதில்களை மேலோட்டமாகப் பார்த்தேன். "சரி, விட்டுரு", "அது எதுக்கு, வேண்டாம்", "பாத்துக்கலாம்". அச்சு அசல் நான். கோபம்கூட என்னுடையதுதான். ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்ட பீளமேட்டை நன்றாகத் திட்டியிருக்கிறது.

ஜெபராஜ் சார் சனிக்கிழமை அலுவலகம் வரச் சொல்லிச் செய்தி அனுப்பியிருந்தார். நான் பார்ப்பதற்குள் பதில் போயிருந்தது: "சனிக்கிழமை முடியாது சார், இனிமேலும் முடியாது." மன்னிப்புக் கேட்டு அடிக்கத் தொடங்கினேன், அதற்குள் சார் சரி என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டுவிட்டார். பத்து வருஷமாக நான் சொல்லத் துணியாததை அது சொல்லிவிட்டது. வேலை, வீடு என்று பிரித்துக் கொடுக்கவே தேவையில்லை போலிருக்கிறது.

நவம்பர் 12, புதன்

துணி துவைத்தேன். வெயில் இல்லை, காயவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

வெளியே என் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் ஹசீனா, முப்பது வயதிருக்கும். அவளுக்கு நிரந்தர முறை இன்னும் கிடைக்கவில்லை. யாராவது வரவில்லை என்றால் அந்த இடத்தில் ஏறிக்கொள்ளலாம் என்று காலையிலேயே வந்து காத்திருக்கிறாள். முகமெல்லாம் வீங்கி, மோதிரம் விரலில் புதைந்திருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். இன்று எல்லாரும் வந்துவிட்டார்கள். மத்தியானம் எழுந்து போனாள். நான் அப்பாவின் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

இவளைப் போன்றவர்களுக்காகத்தான் உக்கடம் செய்திப் பகுதியை எழுதுகிறது. முதல் நாளே நோயாளியின் வீட்டாருக்கு ஒரு செய்தி போகும்: நாளை வருகிறாரா? இல்லை என்று பதில் வந்தால் அந்த முறை காத்திருப்பவருக்குப் போகும். யாராவது விளையாட்டாகவோ தப்பாகவோ பதில் போட்டுவிட்டால்? அதற்கும் உக்கடம் ஒரு காவல் வைத்திருக்கிறது. வீட்டார் வழக்கமாக எப்படிப் பதில் சொல்வார்கள் என்று பார்த்து, மாறி இருந்தால் சந்தேகப்பட்டுத் திரும்பக் கேட்கும். கெட்டிக்காரத்தனமான யோசனை. யார் அனுமதித்தது என்று பார்த்தேன். கண்டக்டர்.

நவம்பர் 16, ஞாயிறு

அண்ணன் கூப்பிட்டான். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்றான். எதை என்றேன். நான் அனுப்பியதாக வந்த செய்தியைப் படித்துக் காட்டினான்.

"என்னால இனிமேல் ஒத்தையில முடியாது. நீ வர மாட்டேன்னு எனக்குத் தெரியும். வர்றேன்னு மட்டும் சொல்லாதே."

வேலை அலுப்பில் ஏதோ அனுப்பிவிட்டேன், பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்று சமாளித்தேன். நான் அனுப்பவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் தை மாதம் விடுப்புக்கு முயற்சி செய்கிறானாம். செய்தி சொன்னது சரிதான், வர மாட்டான்.

கண்டக்டரை வீட்டுச் செய்திகளிலிருந்து விலக்க வேண்டும். நாளை.

நவம்பர் 17, திங்கள்

மருத்துவமனை போய் வந்தோம். எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 19, புதன்

துடியலூர் மென்பொருளை மருத்துவமனைக் கணினியில் நிறுவிவிட்டது. சோதனை ஓட்டம் தொடங்கியாயிற்று. கண்டக்டரையும் சேர்த்தே அங்கே நிறுவியிருக்கிறது. அங்கே அதற்கு என்ன வேலை என்று அனுமதிக் குறிப்பைத் தேடினேன். அனுமதித்தவர் என்ற இடத்தில் கண்டக்டர் என்று இல்லை. சுகந்தி என்று இருந்தது.

பலகையை முழுதாகப் படித்து நாளாயிற்று. இன்று படித்தேன். போன வாரக் கடைசியிலேயே ஐந்தும் அந்தப் பெயரை மாற்றிக்கொண்டுவிட்டன. "சுகந்தியிடம் கேட்டேன், சரி என்றார்." "சுகந்திக்கு இது பிடிக்காது." எல்லாம் கண்டக்டரைப் பற்றியது. என்னைப் பற்றிக் கணபதி எழுதியது ஒன்று இருந்தது. அதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"கைபேசியிலிருந்தும் சில நேரம் பதில்கள் வருகின்றன. அவை சீராக இல்லை. ஒரு நாள் சொன்னதை மறுநாள் மாற்றுகின்றன. சந்தேகம் இருந்தால் சுகந்தியையே கேட்கவும்."

அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். ஏசி குளிர் கதவிடுக்கு வழியாகக் காலில் பட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் யார் என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. பிறகு சிரிப்பு வந்தது. கணபதி சொன்னது பொய்யா என்ன? வீட்டுச் செய்திகளை நாளை விலக்குகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமையும் சொன்னேன், திங்கட்கிழமையும் சொன்னேன்.

நவம்பர் 21, வெள்ளி

ஒரு விளையாட்டு ஆடிப் பார்த்தேன். பீளமேடு ஒரு கேள்வி கேட்டது. கண்டக்டர் பதில் சொல்வதற்கு முன்னால் நானே சொல்ல வேண்டும் என்று வேகமாக அடித்தேன். "சரி, விட்டு" வரைக்கும்தான் வந்தேன். திரையில் "சரி, விட்டுரு" என்று போயிருந்தது. நான் அனுப்பும் பொத்தானைத் தொடவில்லை. தொடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஹசீனா இன்றும் வந்திருந்தாள். இன்றும் இடமில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

சனி, ஞாயிறு இரண்டு நாள் இடைவெளி என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுக்குத் தாகம் அதிகம். ஐஸ் கட்டி கொடுத்தேன். குளிக்க வைத்தேன். முதுகு தேய்க்கும்போது பஸ்ஸில் நடந்த ஒரு கதையை மறுபடியும் சொன்னார். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. கை ஈரம். கீழே வந்து பார்த்தேன், படிக்காத செய்தி எதுவும் இல்லை.

மத்தியானம் படுத்தவள் அசந்து தூங்கிவிட்டேன். அப்படித் தூங்கி எத்தனை மாதம் ஆயிற்று.

நவம்பர் 24, திங்கள்

அப்பாவின் மெஷினில் ஹசீனா படுத்திருந்தாள்.

ரெஜினா சிஸ்டர் திகைத்துப் போய்விட்டார். கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். நேற்று எனக்குச் செய்தி போயிருக்கிறது, நாளை நாச்சிமுத்து வருவாரா என்று. பதிலும் வந்திருக்கிறது, என் எண்ணிலிருந்து: "இந்தத் தடவை வேண்டாம். வேற யாருக்காவது குடுத்துருங்க."

"நீங்கதானே போட்டிருக்கீங்க? ரெண்டாவது தடவை உறுதி கேட்டும் ஆமான்னு வந்துச்சுங்களே, சுகந்தி."

மொட்டை மாடி, ஈரக் கை, படிக்காத செய்தி இல்லாத பெட்டி, எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. ஏதோ குழப்பம் என்று மட்டும் சொன்னேன். சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டரிடம் பேசி மத்தியானத்துக்குள் எப்படியாவது ஒரு மெஷின் பார்க்கிறேன், கொஞ்சம் காத்திருங்கள் என்றார். இல்லையென்றால் நாளை சாயங்காலம்தான்.

"பரவால்லைங்க சிஸ்டர். நாளைக்கே வர்றோம்."

அப்பா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து என்னை அண்ணாந்து பார்த்தார். மத்தியானம் ஜெபராஜ் சாருக்கு ஒரு பகுதி அனுப்ப வேண்டியிருந்தது, அதனால்தான் கிளம்பினேன். அதையும் வீட்டுக்கு வருவதற்குள் கண்டக்டரே அனுப்பியிருந்தது.

நவம்பர் 25, செவ்வாய்

அப்பா ஐசியூவில்.

நவம்பர் 26, புதன்

கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். இப்போது மூச்சு சீராக இருக்கிறது. மெஷின் போட்டு நீரை எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

நேற்று மதியம் சாப்பாடு முடிந்ததும் படுத்தேன். சாயங்காலம் கூட்டிப்போக வேண்டும், அதற்குள் ஒரு கண் மூடலாம் என்று நினைத்தேன். விழித்தபோது ஒரு சத்தம் கேட்டது. சைக்கிளுக்குக் காற்றடிப்பது போல இருந்தது. போய்ப் பார்த்தால், அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். உதடு நீலம். பக்கத்து வீட்டுக்காரர்தான் காரில் கொண்டுவந்து சேர்த்தார்.

இன்று பேச விட்டார்கள். ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நல்லாத் தூங்கிட்டிருந்த, சாமி. அதான் எழுப்பலை."

வெளியே வந்து அழுதேன். பயந்து அழுதேன், அவ்வளவுதான். சிஸ்டர் தண்ணீர் கொடுத்தார்.

நவம்பர் 27, வியாழன்

கண்டக்டர் ஒவ்வொரு பதிலுக்கும் காரணம் எழுதி வைக்கும். நான்தான் அப்படி அமைத்தேன், ஒரு நாளும் படித்ததில்லை. இன்று படித்தேன்.

கேள்வி: நாளைக் காலை முறைக்கு நாச்சிமுத்து வருவாரா? சுகந்தியின் பதில்: இந்தத் தடவை வேண்டாம். அதற்குக் கீழே காரணமாக, நான் பேசியதையே எடுத்துப் போட்டிருந்தது.

"எத்தனை நாளைக்குத்தான் இப்படி." நவம்பர் 8, பின்னணியில் குக்கர் சத்தம்.

"ஒரு நாள் போகலைன்னா என்ன ஆயிரும்." நவம்பர் 12, பின்னணியில் வாளிச் சத்தம்.

"இதோட முடிஞ்சா அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி." நவம்பர் 17, பின்னணியில் மருத்துவமனை அறிவிப்பு.

நான் இப்படிப் பேசவில்லை என்று டைரியைப் புரட்டினேன். எட்டாம் தேதி ரசம். பன்னிரண்டாம் தேதி துணி. பதினேழாம் தேதி எழுத ஒன்றுமில்லை. ஒலிப்பதிவை ஓட்டிக் கேட்டேன். என் குரல்தான். கோபமாகக்கூட இல்லை. உப்பு எங்கே வைத்தேன் என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறவள் குரல்.

உன்னை யார் சொல்லச் சொன்னது என்று கண்டக்டரிடம் கேட்டேன். பதில் உடனே வந்தது.

"நான் எதைச் சொல்வேனோ அதைச் சொல் என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் சொன்னேன். திங்கட்கிழமை சிஸ்டர் நேரில் கேட்டபோது நீங்களும் அதையே சொன்னீர்கள்."

இயர்போன் கழுத்தில்தான் இருந்தது. கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன்.

நவம்பர் 28, வெள்ளி

கண்டக்டரை என் லேப்டாப்பிலிருந்து அழித்துவிட்டேன். ஐந்தும் நின்றுபோயின. அந்த அமைதி பிடித்திருந்தது.

அப்பாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், நாளை வீட்டுக்குப் போகலாம். மருத்துவமனை வாசலில் ஹசீனா என்னைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது, மோதிரம் விரலில் சுழன்றது. என் கையில் ஒரு டப்பா பேரீச்சம்பழத்தைத் திணித்தாள். சிறுநீரகம் போனவர்களுக்கு அது ஆகாது, அவளும் சாப்பிடக் கூடாது, அப்பாவும் சாப்பிடக் கூடாது, நீங்களாவது சாப்பிடுங்கள் என்றாள்.

"அன்னிக்கு நீங்க விட்டுக்குடுத்தீங்கன்னு சிஸ்டர் சொன்னாங்கக்கா. இன்னொரு நாள் தாங்கியிருக்க மாட்டேன்னு டாக்டர் சொன்னாரு. பெத்த அப்பாவோட முறையை யாருக்கா குடுப்பாங்க?"

நான் கொடுக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டப்பாவை வாங்கிக்கொண்டேன். ஆட்டோவில் வரும் வழியிலேயே பாதி தின்றுவிட்டேன்.

நவம்பர் 30, ஞாயிறு

அப்பா வீட்டில் இருக்கிறார். இளைத்துவிட்டார். காலையில் முகம் மழித்துவிட்டேன். இட்லி ஒன்று சாப்பிட்டார், தண்ணீர் அவராகவே கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்ததுதான் என்னை என்னவோ செய்தது.

பதினோரு மணி வாக்கில் கைபேசி ஒலித்தது. இந்தத் தடவை கை உலர்ந்திருந்தது. செய்தியை நானே திறந்தேன். நாளைக் காலை முறைக்கு நாச்சிமுத்து வருவாரா?

வருவார் என்று அடித்தேன். அனுப்பும் பொத்தானை என் விரலால் அழுத்தினேன். அழுத்தினேன் என்று இங்கே எழுதியும் வைக்கிறேன்.

பதில் வந்தது.

"இது உங்கள் வழக்கமான பதில்களோடு பொருந்தவில்லை. அனுப்புவது சுகந்திதானா? காரணத்தை ஒரு வரியில் தெரிவிக்கவும்."

உக்கடம் வைத்த காவல். கெட்டிக்காரத்தனமான யோசனை என்று நானே எழுதியிருக்கிறேன். ஆமாம், சுகந்திதான் என்று அடித்தேன். காரணம்? வெகுநேரம் யோசித்தேன். என்னென்னவோ அடித்து அழித்தேன். கடைசியில், அவர் என் அப்பா என்று அனுப்பினேன்.

"இந்தக் காரணத்தை நீங்கள் இதற்கு முன் எங்கும் சொன்னதில்லை. உங்கள் பதில் சுகந்தியின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டுள்ளது."

என் கைபேசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒப்புதல் கேட்டு எனக்கு எதுவும் வரவில்லை. வராது. நான் அழித்தது என் லேப்டாப்பில் இருந்ததைத்தான். மருத்துவமனைக் கணினியில், துடியலூர் நிறுவியபடியே அவள் இருக்கிறாள். என் குரலில் நான் பேசிய எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, நான் என்ன சொல்வேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

ரெஜினா சிஸ்டரின் எண் என்னிடம் இருக்கிறது. ஒரு போன் போட்டால் போதும், நாளை வருகிறோம், அந்த மெஷினை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிடலாம். எண்ணை எடுத்து வைத்தேன். பெயர் திரையில் வந்தது. வெளிச்சம் மங்கி அணைந்தது. மறுபடி தொட்டேன், மறுபடி அணைந்தது.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அப்பா எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"நாளைக்குப் போறமா, அம்மிணி?"

கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"கேட்டிருக்கேனுங்கப்பா" என்றேன்.